போர்மட் செய்ய வேண்டாம்: விண்டோஸும் லினக்ஸும் உள்ள கணினி எழ மறுத்தால்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை ஹட்டனுக்கு என்னைத் தேடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். மடிக்கணினியைத் துவாயில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் வைத்து, குடையையும் அதன்மேலேயே பிடித்துக்கொண்டு வந்ததால் அவள் முழுக்க நனைந்திருந்தாள்.

“லினக்ஸ் காணாமல் போய்விட்டது அண்ணா. நேரே விண்டோஸ்தான் வருகிறது. கடையில் காட்டினேன், போர்மட் செய்து புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். ஆய்வறிக்கை முழுவதும் லினக்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது.”

கணினியை அணைத்துவிட்டு, மீண்டும் போட்ட கையோடு எஃப்9 விசையை விடாமல் தட்டினேன். சிறு பட்டியல் ஒன்று வந்தது. அதில் இரண்டாவது வரி ‘உபுண்டு’. அவள் நிறுவியிருந்த லினக்ஸின் பெயர் அது. அதைத் தெரிவு செய்ததும் அவளுடைய திரை, அவளுடைய கோப்புறைகள், அவளுடைய ஆய்வறிக்கை எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. நான்கு நிமிட வேலை. கடையில் அவள் தலையை ஆட்டியிருந்தால் ஒரு வருட உழைப்பு அன்றைக்கே அழிந்திருக்கும்.

அவளைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் புரொசசரும் நம் வீடுகளில் உள்ள பழைய கணினிகளில் இருப்பது அரிது. பலரும் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ நிறுவுகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் ஒரு நாள் கணினி எழாதபோது என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பேராதனைச் சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்

கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை பேராதனைச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டி வழியாக மாத்தளைக்குப் போகிறது. மற்றது நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா என்று மலையேறிப் பதுளைக்குப் போகிறது. எந்தப் பக்கம் போவது என்பதை ரயில் தீர்மானிப்பதில்லை. தண்டவாளம் எந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. கணினியில் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் வேலையைச் செய்வதுதான் பூட்லோடர். உபுண்டுவிலும் மின்டிலும் அதன் பெயர் கிரப். தண்டவாளம் கண்டிப் பக்கம் திரும்பியிருந்தால் பதுளை நிலையம் இடிந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைக்காரர் போர்மட் என்று சொல்வது ஏறக்குறைய அதுதான்.

இனி உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வரிசை மனதில் இருந்தால் மீதி எல்லாம் எளிது. மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் முதலில் விழிக்கிறது. இன்றைய கணினிகளில் அது யூஇஎஃப்ஐ. பேச்சில் நாம் எல்லாரும் பயோஸ் என்கிறோம். அது தன் நினைவில் உள்ள பெயர்ப்பட்டியலைப் பார்த்து, முதலில் உள்ள பெயருக்குரிய கோப்பைத் தேடுகிறது. அந்தக் கோப்பு வன்தட்டின் இஎஃப்ஐ பிரிவு என்ற சிறிய பகுதியில் இருக்கும். விண்டோஸ் தானே உருவாக்கும் இஎஃப்ஐ பிரிவு பெரும்பாலும் 100 எம்பி அளவுதான். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு கோப்புறை, உபுண்டு என்று ஒரு கோப்புறை. உபுண்டு கோப்புறையில்தான் கிரப் தொடங்குகிறது. கிரப் பட்டியலைக் காட்டும், நீங்கள் தெரிவு செய்வீர்கள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏறும், கடைசியாக உங்கள் கோப்புகள் உள்ள பெரிய பிரிவு திறக்கும்.

இரண்டு இயங்குதளங்களுக்கும் தனித்தனிக் கோப்புறை என்பதைக் கவனியுங்கள். பழைய பயோஸ் கணினிகளில் நிலைமை வேறு. வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் மட்டுமே தொடக்க நிரலுக்கு உரியவை. விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்த ஒற்றை இடத்தில் இருந்த கிரப் அழிந்தே போகும். யூஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸ் பெரும்பாலும் கிரப்பை அழிப்பதில்லை. தன் பெயரைப் பட்டியலில் முன்னுக்குத் தள்ளிக்கொள்கிறது, அவ்வளவுதான். “லினக்ஸ் போய்விட்டது” என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு நடந்திருப்பது இதுவே.

இயங்குதளம் என்று நான் எழுதுவதைப் பாடசாலைப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றே.

கை வைக்கும் முன்

திரையில் ஏதாவது எழுத்து வந்தால் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். அந்த வரிதான் நோயின் பெயர். அதைப் படிக்காமல் சாவி சாவியாகத் தட்டுபவர்கள்தான் சிறிய பழுதைப் பெரிதாக்குகிறார்கள்.

அடுத்தது மின்சாரம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்ட்டன்பிரிட்ஜ், கினிகத்தேனைப் பக்கங்களில் அடித்துப் பெய்யும்போது, ஒரு மரக்கிளை விழுந்தாலே தோட்டம் முழுவதும் இருண்டுவிடும். வன்தட்டின் தொடக்கப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் இருந்ததும் கெடும். மடிக்கணினி என்றால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால் காற்று ஓய்ந்த காலை நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

மூன்றாவதை மிக முக்கியம் என்பேன். விண்டோஸ் பக்கத்தில், வன்தட்டைக் குறியீடு இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டும் பிட்லொக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் நீங்கள் கேட்காமலே அது போடப்பட்டிருக்கலாம். நம்பகமான தொடக்க நிரல்களை மட்டுமே ஓட விடும் செக்யூர் பூட் அமைப்பைப் பயோஸில் மாற்றினால் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்து கணக்கைத் திறந்து, அதைக் கொப்பியில் எழுதிவைத்த பிறகே மேற்கொண்டு போங்கள். குறியீடு கையில் இல்லாமல் இந்தக் கட்டுரையின் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

கடைசியாக ஒரு பென் ட்ரைவ். லினக்ஸ் மின்டின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. 8 ஜிபி பென் ட்ரைவ் தாராளம். தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று நிற்கும் இடங்களில் இதை இறக்குவது கொடுமை. பாடசாலைக் கணினி அறையிலோ நகரத்தில் உள்ள உறவினர் வீட்டிலோ ஒரு முறை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் ட்ரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பென் ட்ரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு லயத்துக்கு ஒரு பென் ட்ரைவ் இருந்தால் போதும், எல்லாரும் மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

திரையில் நேரே விண்டோஸ் வந்தால்

முதலில் செய்ய வேண்டியது நான் அந்தத் தங்கைக்குச் செய்ததுதான். கணினியைப் போட்டதும் தொடக்கப் பட்டியல் விசையைத் தட்டுங்கள். எச்பி என்றால் எஃப்9. டெல், லெனோவோ என்றால் எஃப்12. ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல ஏசர்களில் அந்த விசை முதலில் பயோஸுக்குள் போய் இயக்கப்பட வேண்டும். சில லெனோவோக்களின் பக்கவாட்டில் ஊசியால் அழுத்தும் சிறு துளை ஒன்று உண்டு. அதை அழுத்தி வரும் பட்டியலில் பூட் மெனுவைத் தெரிவு செய்தால் இதே பட்டியல் வரும்.

விசைப்பலகையின் மேல்வரிசை வேலை செய்யாத பழைய கணினி என்றால் விண்டோஸ் வழியாகவே போகலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரை வரும். அதில் ஒரு சாதனத்தைப் பயன்படுத்து என்ற பொருளுடைய வரிக்குள் போனால் உபுண்டு இருக்கும். அந்த வரி இல்லையென்றால் பழுது நீக்கல், மேம்பட்ட தெரிவுகள் என்று போய் யூஇஎஃப்ஐ அமைப்புகளைத் திறக்கலாம்.

மின்ட் நிறுவியவர்கள் பட்டியலில் மின்ட் என்று தேடி ஏமாற வேண்டாம். மின்டும் அங்கே உபுண்டு என்ற பெயரில்தான் தெரியும்.

உபுண்டுவைத் தெரிவு செய்ததும் லினக்ஸ் வந்துவிட்டால் பழுது வரிசையில் மட்டுமே. இனி அந்த வரிசையை நிரந்தரமாக மாற்ற வேண்டும். பயோஸுக்குள் போய், பூட் என்ற பக்கத்தில் உபுண்டுவை விண்டோஸுக்கு மேலே ஏற்றிச் சேமியுங்கள். பல எச்பி கணினிகளில் இந்த இரண்டு பெயர்களும் வெளியே தெரியாது. பூட் வரிசையில் ஓஎஸ் பூட் மேனேஜர் என்ற வரியின்மேல் நின்று என்டர் அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் பட்டியல் திறக்கும். ஏசரில் இன்னொரு சிக்கல் உண்டு: பயோஸுக்கு ஒரு கடவுச்சொல் வைத்த பிறகே, நம்பகமான கோப்பைத் தெரிவு செய்யும் வரி உயிர்பெறும். அதற்குள் போய் உபுண்டு கோப்புறையில் ஷிம் என்று தொடங்கும் 64 எண் உள்ள கோப்பைத் தெரிவு செய்து பெயரிட வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் பெரிய தொல்லை. எழுதி வையுங்கள்.

பயோஸ் பிடிபடாதவர்களுக்கு லினக்ஸிலேயே ஒரு வழி இருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து எஃபிபூட்மேனேஜர் கட்டளையைக் கொடுக்கலாம். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். நான் ஒலிப்பைத் தமிழில் எழுதி, மயக்கம் வரும் இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். இந்தக் கட்டளையில் இஎஃப்ஐ என்ற மூன்று எழுத்து, அடுத்துப் பூட், கடைசியில் எம், ஜி, ஆர் என்ற மூன்று எழுத்து, இடைவெளி இல்லாமல். முன்னால், நிர்வாகி உரிமை தரும் எஸ், யூ, டி, ஓ என்ற சுடோ.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நான்கு இலக்க எண் இருக்கும். உபுண்டு 0003, விண்டோஸ் 0000 என்று வைத்துக்கொள்வோம். அப்போது கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஓ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் சேர்த்து, மீண்டும் இடைவெளி விட்டு 0003,0000 என்று கொடுங்கள். வேறு எண்களும் இருந்தால் அவற்றையும் பின்னால் சேருங்கள். காற்புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி கூடாது.

வரிசை சரியாகி, ஒவ்வொரு முறை அணைத்தெடுக்கும்போதும் மறுபடி கலைகிறதா? கணினியில் ஆண்டும் தேதியும் பின்னுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் குற்றவாளி தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற பற்றரி. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032. கைக்கடிகாரம் திருத்தும் கடையில்கூடக் கிடைக்கும். பழைய கணினிகளில் அது தீர்ந்தால் பயோஸ் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். யூஇஎஃப்ஐயாக இருந்தது பழைய முறைக்கு மாறிவிட்டால் விண்டோஸும் எழாது, லினக்ஸும் எழாது. இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன என்று அழுதுகொண்டு வந்த ஒரு வீட்டில் நான் மாற்றிக் கொடுத்தது அந்தப் பற்றரியை மட்டும்தான்.

நேரே லினக்ஸ் வந்து விண்டோஸ் தெரியாவிட்டால்

இது தலைகீழ்ச் சிக்கல், பயப்பட ஒன்றுமில்லை. கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைத் தானாகச் செய்யாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். உபுண்டு 22.04 முதல் இது பலருக்கு நேர்ந்திருக்கிறது. ஈடிசி என்ற கோப்புறைக்குள் டிஃபோல்ட் என்ற கோப்புறை, அதற்குள் கிரப் என்ற கோப்பு. அதை நிர்வாகி உரிமையுடன் திறந்து, கடைசியில் இந்த வரியைச் சேருங்கள். முதல் பகுதி முழுவதும் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு:

கிரப்_டிஸ்ஏபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்

சேமித்துவிட்டு, டெர்மினலில் சுடோ அப்டேட்-கிரப் கொடுத்தால் விண்டோஸ் கண்டுபிடிக்கப்பட்டதை அது சொல்லும். பட்டியலே வராமல் சட்டென்று லினக்ஸ் ஏறினால், தொடக்கத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டிப் பாருங்கள். பழைய பயோஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கறுப்புத் திரையில் கிரப் மட்டும் நின்றால்

புதியவர்களை அதிகம் நடுங்க வைப்பது இதுதான். கறுப்புத் திரை, ஒரு வரிப் பிழைச் செய்தி, கீழே கிரப் ரெஸ்க்யூ என்ற சொல், துடிக்கும் கோடு. விண்டோஸுக்குள் போய் இடம் போதவில்லை என்று ஒரு பிரிவை அழித்தோ சுருக்கியோ இருந்தால் பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கலாம். கிரப் தன் மீதிக் கோப்புகளைப் பழைய எண்ணில் தேடிக் காணாமல் நிற்கிறது. அது கேட்பது ஒரு முகவரியை மட்டுமே.

எல், எஸ் என்ற இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். அடைப்புக்குறிக்குள் வன்தட்டின் பெயர்கள் வரிசையாக வரும். எச்டி0 என்பது முதல் வன்தட்டு. ஜிபிடி5 என்பது அதன் ஐந்தாம் பிரிவு. பழைய முறையில் பிரித்த தட்டு என்றால் ஜிபிடி இருக்கும் இடத்தில் எம்எஸ்டாஸ் என்று இருக்கும். இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். கடைசியில் உள்ள சாய்கோட்டை விடாதீர்கள்:

எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/

பூட், ஈடிசி, ஹோம் என்ற பெயர்கள் வந்தால் அதுதான் உங்கள் லினக்ஸ் வீடு. தெரியாத கோப்பு முறைமை என்று சொன்னால் அடுத்த எண். அவசரம் வேண்டாம், இந்தக் கட்டளை எதையும் அழிக்காது. வீட்டைக் கண்டுபிடித்ததும் இந்த நான்கு வரிகள்:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி5)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மூன்றாவது வரியில் உள்ள சொல் ஐ, என், எஸ், எம், ஓ, டி. நான்காவது வரியைத் தட்டியதும் பழக்கமான பட்டியல் வரும். அந்த நிமிடத்தில் ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

ரெஸ்க்யூ என்ற சொல் இல்லாமல் கிரப் என்று மட்டும் நின்றால் இன்னும் எளிது. அதே எல்எஸ் கட்டளையால் வீட்டைக் கண்டுபிடித்து, கன்ஃபிக்ஃபைல் என்ற கட்டளைக்குப் பின்னால் இடைவெளி விட்டு (எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி என்று கொடுத்தால் போதும்.

இரண்டிலும் லினக்ஸ் ஏறியதுடன் வேலை முடியவில்லை. அது ஒரு முறைக்கான பாதைதான். உள்ளே போனதும் சுடோ கிரப்-இன்ஸ்டால், பின்பு சுடோ அப்டேட்-கிரப் கொடுத்து நிரந்தரமாக்குங்கள். பழைய பயோஸ் கணினி என்றால் கிரப்-இன்ஸ்டாலுக்குப் பின் /டெவ்/எஸ்டிஏ என்று தட்டின் பெயரையும் சேர்க்க வேண்டும். பிரிவின் எண் சேர்க்கக் கூடாது. எஸ்டிஏ என்பது முழுத் தட்டு, எஸ்டிஏ5 என்பது அதில் ஓர் அறை.

மின்வெட்டுக்குப் பிறகு இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால்

இதைப் பூட்லோடர் பழுது என்று நினைத்துக் கிரப்பை மறுபடி மறுபடி நிறுவுபவர்கள் உண்டு. கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. கெர்னலும் ஏறிவிட்டது. கோப்புகள் உள்ள பிரிவுதான் கலைந்திருக்கிறது. கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் வந்த காயம் இது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது என்னிடம் வந்த மேசைக் கணினிகளில் நான் அதிகம் பார்த்த திரை இதுவே.

திரையில் சற்று மேலே பார்த்தால் எஃப்எஸ்சிகே என்ற கட்டளையைக் கையால் கொடுக்கச் சொல்லியிருக்கும், பிரிவின் பெயரும் இருக்கும். எழுத்துகள் எஃப், எஸ், சி, கே. வன்தட்டிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வராவிட்டால் மட்டும் இதைக் கொடுங்கள்:

எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ5

முடிந்ததும் எக்ஸிட் என்று தட்டினால் பெரும்பாலும் கணினி எழுந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை இதே திரை வந்தால் வன்தட்டு சாகிறது என்று அர்த்தம். சத்தம் வருகிறது என்றாலும் அப்படியே. அந்த நிலையில் எதையும் திருத்த முயலாதீர்கள். பென் ட்ரைவிலிருந்து மின்டை இயக்கி, முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்.

செக்யூரிட்டி பொலிசி வயலேஷன் என்று சொன்னால்

2024 ஓகஸ்ட் 13இல் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய கிரப்பைத் தடுக்கும் புதிய விதி ஒன்றைப் பல கணினிகளில் எழுதிவிட்டது. கிரப்பில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த விதி அது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடக் கூடாது என்பது எண்ணம், ஆனால் தொட்டுவிட்டது. எஸ்பிஏடி என்ற நான்கு எழுத்தும், ஏதோ மோசமாகத் தவறிவிட்டது என்ற பொருளில் ஒரு வரியும் வந்து கணினி அணைந்துவிடும். நீண்ட நாள் மூடி வைத்திருந்த கணினியைத் திறந்து புதுப்பித்தவர்கள் இதை இன்னும் சந்திக்கலாம். பழைய பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை இயக்கப் போகும்போதும் இதே வரி வரலாம்.

பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். பிட்லொக்கர் குறியீட்டை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான். லினக்ஸுக்குள் போய் இந்தக் கட்டளை:

சுடோ மோக்யூடில் --செட்-எஸ்பிஏடி-பொலிசி டிலீட்

எம், ஓ, கே, யூ, டி, ஐ, எல் என்ற ஏழு எழுத்து அந்த இரண்டாவது சொல். ஒரு முறை மறுதொடக்கம் செய்து மீண்டும் லினக்ஸுக்குள்ளேயே வாருங்கள். வந்ததும் லினக்ஸின் புதுப்பிப்புகள் அனைத்தையும் நிறுவிவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். அதை நிறுத்தியபடியே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எதுவும் பலிக்காவிட்டால் பென் ட்ரைவ்

பென் ட்ரைவைச் செருகி, மேலே சொன்ன தொடக்கப் பட்டியலில் அதைத் தெரிவு செய்யுங்கள். ஒரே பென் ட்ரைவ் சில கணினிகளில் இரண்டு வரிகளாகத் தெரியும். யூஇஎஃப்ஐ என்ற சொல் உள்ள வரியைத்தான் எடுக்க வேண்டும். நிறுவு என்ற சின்னம் மேசைத்திரையில் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

மின்டின் பட்டியலில் நிர்வாகப் பகுதியில் பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. அதைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட திருத்தம் என்ற பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான பழுதுகள் சரியாகும். நடுவில் இணையம் கேட்டால் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்துத் தரவைக் கொடுக்கலாம். புதியவர்கள் இதையே முதலில் செய்யட்டும்.

அதுவும் கைவிட்டால் கையால் செய்யும் முறை. எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று தட்டினால் பிரிவுகளும் அவற்றின் வகையும் தெரியும். ஈஎக்ஸ்டி4 என்று உள்ளது லினக்ஸ் வீடு. விஃபேட் என்று உள்ள சிறியது இஎஃப்ஐ பிரிவு. பென் ட்ரைவும் விஃபேட் என்று தெரியலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம். வீடு எஸ்டிஏ5, இஎஃப்ஐ எஸ்டிஏ1 என்று கொண்டால்:

சுடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்டி
சுடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சுடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
சுடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /ப்ராக் /எம்என்டி/ப்ராக்
சுடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /சிஸ் /எம்என்டி/சிஸ்
சுடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /ரன் /எம்என்டி/ரன்
சுடோ சிஎச்ரூட் /எம்என்டி

ப்ராக் என்பது பி, ஆர், ஓ, சி. சிஸ் என்பது எஸ், ஒய், எஸ். கடைசி வரியுடன் நீங்கள் பென் ட்ரைவை விட்டு உங்கள் சொந்த லினக்ஸுக்குள் நுழைந்துவிட்டீர்கள். இனி கிரப்-இன்ஸ்டால், அடுத்து அப்டேட்-கிரப். இங்கே சுடோ தேவையில்லை. பிழையில்லாமல் முடிந்தது என்ற வரி வந்தால் எக்ஸிட் கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். பல புதிய கணினிகளில் வன்தட்டின் பெயர் எஸ்டிஏ என்று இருக்காது. என்விஎம்இ0என்1 என்று தொடங்கி, பிரிவு எண்ணுக்கு முன் பி எழுத்து வரும்.

எழுந்த பிறகு

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் தட்டைத் திறந்தால் வாசிக்க மட்டுமே விடும். கன்ட்ரோல் பேனலில் மின்சக்தித் தெரிவுகளுக்குள், ஆற்றல் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அதன் குறியை எடுத்துவிடலாம்.

நேரமும் குழம்பியிருக்கும். இரவு 8 மணிக்கு விண்டோஸ் 2.30 என்று காட்டினால் பற்றரியைக் குறை சொல்ல வேண்டாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் நாட்டு நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நடுவே உள்ள இடைவெளி நம் ஐந்தரை மணிநேரம். இணையவழிப் பரீட்சையைத் தவறவிட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒரு முறை கொடுத்து, நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். முதல் சொல்லின் கடைசி மூன்று எழுத்து சி, டி, எல்.

கணினியின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். தொடக்கப் பட்டியல் விசை எது, லினக்ஸ் எந்தப் பிரிவில், இஎஃப்ஐ எந்தப் பிரிவில், யூஇஎஃப்ஐயா பழைய முறையா. பொகவந்தலாவைத் தங்கையின் கணினியில் அன்றைக்கே எழுதி ஒட்டிவிட்டோம்.

பிறகு மூன்று முறை சோதியுங்கள். லினக்ஸுக்குள் போய் முழுதாக அணையுங்கள். விண்டோஸுக்குள் போய் முழுதாக அணையுங்கள். கடைசியாக மின்கம்பியையும் கழற்றி, சிறிது நேரம் விட்டு, எந்த விசையையும் தொடாமல் போடுங்கள். கிரப் பட்டியல் தானாக வந்து நின்றால் கணினியை மூடி வைக்கலாம்.